பேட்ஜர் என்று வந்த பன்றி முடி பிரஷ்: சோதித்ததும் பழக்கியதும்

புது சவர பிரஷ் ஒன்றின் பெட்டியில் ‘அசல் பேட்ஜர் முடி’ என்று அச்சடித்திருந்தது. பேட்ஜர் என்பது குளிர்நாடுகளில் வளை தோண்டி வாழும் பிராணி, அதன் முடி முகத்தில் மெத்தென்று இருக்கும். உள்ளே இருந்தது சாயம் ஏற்றிய பன்றி முடி. இதுதான் முடிவு, முதலிலேயே சொல்லிவிட்டேன். ஆனால் அந்த பிரஷ் மோசமான பிரஷ் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். இப்போது அது நன்றாக வேலை செய்கிறது. பெட்டியில் இருந்த பெயரை நம்பி, பேட்ஜரிடம் எதிர்பார்ப்பதை அதனிடமும் எதிர்பார்த்திருந்தால், அது நனைந்து காய்ந்து மெத்தென்று பழகுவதற்கு முன்பே குப்பைக்குப் போயிருக்கும். புது சவர பிரஷ்ஷைப் பழக்க ஆரம்பிப்பதற்கு முன்னால் அது என்ன முடி என்று பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நான் கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டே இருப்பதற்கு இது நல்ல உதாரணம், அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறேன். ஈப்போவுக்கும் கோலா கங்சாருக்கும் நடுவில் இருக்கிற ஊர், சுற்றிலும் முன்பு பால்மரத் தோட்டங்கள், இப்போது பாதிக்கு மேல் செம்பனை. கடைக்கு வருகிற பெரியவர்களில் பலர் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்று, டவுன் பக்கம் தாமான் வீடுகளுக்கு வந்தவர்கள். அவர்களில் ஒருவர் தோட்ட ஆபீசில் கிராணியாக இருந்தவர். முடிவெட்ட மட்டும்தான் கடைக்கு வருவார், சவரம் தினமும் காலையில் வீட்டில் அவரே செய்துகொள்வார், அதில் யாரும் கைவைக்க விடமாட்டார். பழைய பிரஷ் தேய்ந்துபோனதால் ஷா ஆலமில் இருக்கும் மகள் ஆன்லைனில் புதிதாக ஒன்று வாங்கி அனுப்பியிருந்தார். நூறு வெள்ளிக்குக் கொஞ்சம் கீழே விலை.

“தம்பி, இது கன்னத்துல குத்துது. முடி கொட்டுது. நாத்தம் வேற. பேட்ஜர்னா மெத்துனு இருக்கும்னு பொண்ணு சொன்னா” என்று பெட்டியோடு கொண்டுவந்து மேசையில் வைத்தார். கொட்டிய முடிகளை ஒரு டிஷ்யூவில் மடித்து அதையும் எடுத்து வந்திருந்தார். முப்பது வருடத்துக்கு மேல் கணக்குப் புத்தகம் எழுதிய மனிதர், எதையும் ஆதாரத்தோடுதான் பேசுவார். அந்த டிஷ்யூ பிறகு எனக்கு ரொம்ப உதவியது.

இன்னொன்றும் சொன்னார். பிரஷ் சரியாக இருந்தால் இதே மாதிரி இன்னொன்று வாங்கி, தோட்டத்துப் பக்கத்துப் பள்ளியில் வேலை பார்த்த தன் பழைய சிநேகிதர் ஒரு மலாய் ஆசிரியருக்கு ஹரி ராயாவுக்குக் கொடுக்கலாம் என்று எண்ணம். அதைக் கேட்டதும், “ஐயா, ரெண்டு மூணு நாள் இங்கேயே வச்சிட்டுப் போங்க, நல்லா பார்த்துட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் ரெண்டாவது வாங்காதீங்க” என்றேன். தொட்டவுடனேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஆனால் இந்த மாதிரி விஷயத்தில் சந்தேகத்தை மட்டும் வைத்துக்கொண்டு பேசக்கூடாது.

கைப்பிடியும் கற்றையும்

கைப்பிடி ரெசின், கறுப்பு நிறம், கனம் நன்றாகவே இருந்தது. பிரஷ் பார்க்கும்போது முதலில் நான் பார்ப்பது முடிக்கற்றை கைப்பிடிக்குள் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதைத்தான். கைப்பிடியை ஒரு கையில் பிடித்து, கற்றையின் அடிப்பகுதியை இரண்டு விரலால் பிடித்து மெதுவாகத் திருப்பிப் பார்க்க வேண்டும், இழுக்கக்கூடாது. கொஞ்சமாவது சுற்றினால், அல்லது ஒரு பக்கம் சாய்த்தால் விளிம்பில் இடைவெளி தெரிந்தால், உள்ளே பசை சரியாகப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். அந்த இடைவெளியில் தண்ணீர் இறங்கும், காயாது, பூஞ்சை வரும், கடைசியில் கற்றை மொத்தமாகக் கையோடு வந்துவிடும். இதில் அப்படி ஒன்றும் இல்லை. சுற்றவில்லை, அசையவில்லை.

அடுத்து அளவு. அடிக்கோலை வைத்து அளந்ததில் கற்றையின் அடி விட்டம் 24 மி.மீ., கைப்பிடி விளிம்பிலிருந்து முடியின் உச்சி வரை 58 மி.மீ. இந்த இரண்டாவது எண்ணே ஒரு துப்பு. பேட்ஜர் பிரஷ்ஷில் இந்த விட்டத்துக்கு முடியின் உயரம் பெரும்பாலும் 50 மி.மீ. பக்கம் இருக்கும், ஏனென்றால் அந்த முடி மெல்லியது, உயரம் கூடினால் முகத்தில் வைக்கும்போது துவண்டுவிடும். பன்றி முடி விறைப்பானது, அது வளைந்துகொடுக்க வேண்டுமென்றால் நீளம் வேண்டும், அதனால் அந்த வகை பிரஷ்களை உயரமாகவே கட்டுவார்கள். உயரத்தை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாதுதான், உயரமான பேட்ஜர் பிரஷ்களும் இருக்கின்றன, ஆனால் இந்த 58-ஐக் குறித்து வைத்துக்கொண்டேன்.

முடியை ஒவ்வொன்றாகப் பார்த்தபோது

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்.  பேட்ஜர் முடி ஒன்றைத் தனியாக எடுத்து வெள்ளைத் தாளில் வைத்தால் மூன்று நிறம் தெரியும்: நுனி வெளுப்பு, நடுவில் கறுப்புப் பட்டை, அடியில் மறுபடி வெளிர் நிறம். நுனி ஊசி மாதிரி மெலிந்து முடியும், அதனால்தான் முகத்தில் மெத்தென்று இருக்கிறது. இது இயற்கையில் வளர்ந்த நிறம் என்பதால் ஒரு முடியில் கறுப்பு ஆரம்பிக்கும் இடமும் பக்கத்து முடியில் ஆரம்பிக்கும் இடமும் சரியாக ஒத்துவராது, கற்றையாகப் பார்க்கும்போது ஓரம் கலங்கலாகத் தெரியும்.

ஐயாவின் பிரஷ்ஷில் அந்தக் கறுப்புப் பட்டை கோடு போட்ட மாதிரி இருந்தது. கற்றையைச் சுற்றி ஒரே உயரத்தில் ஆரம்பித்து ஒரே உயரத்தில் முடிந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். முடிகள் அடியிலிருந்து மேலே வரை ஏறக்குறைய ஒரே தடிமன், மேலே போகப் போகக் கொஞ்சம் மெலிகிறது, அவ்வளவுதான். சில முடிகளின் நுனி இரண்டாகவோ மூன்றாகவோ பிளந்திருந்தது. அந்தப் பிளவுதான் பன்றி முடியின் அடையாளம், பேட்ஜர் முடிக்கு நுனி பிளக்காது. மீதி முடிகளின் நுனி மழுங்கலாக, வெட்டிவிட்ட மாதிரி இருந்தது. கன்னத்தில் குத்தியது இவைதான்.

செயற்கை முடியோ என்ற சந்தேகத்தையும் தீர்த்துக்கொள்ள வேண்டும். டிஷ்யூவில் இருந்த முடிகளில் ஒன்றை எடுத்து இடுக்கியால் பிடித்து லைட்டரில் காட்டினேன். முடி கருகுகிற வாசனை வந்தது, சாம்பல் விரலில் பொடிந்தது. நைலான் வகையாக இருந்தால் உருகிச் சுருண்டு நுனியில் கெட்டியான மணியாக நின்றிருக்கும், வாசனையும் பிளாஸ்டிக் வாசனையாக இருக்கும். ஆக, விலங்கு முடி. ஆனால் எந்த விலங்கு என்று நெருப்பு சொல்லாது, அதற்குத் தண்ணீர் வேண்டும். இன்னொரு முடியை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போட்டு, ஊறாத ஒன்றைப் பக்கத்தில் வைத்து இரண்டையும் வளைத்துப் பார்த்தேன். ஊறாதது கம்பி போல நிமிர்ந்தது, ஊறியது தளர்ந்து வளைந்தபடியே நின்றது. பன்றி முடி தண்ணீரை உள்ளே இழுத்து இளகும். பேட்ஜர் கற்றை தண்ணீரை முடிகளுக்கு நடுவில் பிடித்து வைத்துக்கொள்ளுமே தவிர, முடி இந்த அளவுக்கு மாறாது.

கடைசியாகச் சாயம். கற்றையை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்தித் துடைத்தேன், பழுப்பாக ஒரு தடம் விழுந்தது. இரண்டாவது முறையும் விழுந்தது, வெளிறிப்போய். நிறம் முடியோடு பிறந்ததாக இருந்தால் துணியில் ஏன் இறங்குகிறது?

இத்தனையும் சேர்ந்த பிறகுதான் ஐயாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். ஒரு நிமிடம் பேசவில்லை. அப்புறம், “அப்ப சிநேகிதருக்கு இதைக் கொடுத்திருந்தா என்ன ஆகியிருக்கும்” என்றார். எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது.

பெயர் பொய்யானால் யாருக்கு நட்டம்

மலேசியாவில் இருக்கிறவர்களுக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை: மலாய்க்காரர்கள் முஸ்லிம்கள், பன்றியிலிருந்து வந்த பொருள் அவர்களுக்கு ஆகாது. பன்றியின் எந்தப் பகுதியிலிருந்து செய்த பொருளாக இருந்தாலும் அதை அப்படியே வெளிப்படையாக எழுதி, தனியாக வைத்து விற்க வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டின் வணிக விவரிப்பு உத்தரவு சொல்கிறது. 2017 பிப்ரவரியில் உள்நாட்டு வாணிப அமைச்சு நாடு முழுக்கக் கடைகளில் சோதனை போட்டு, பன்றி முடியால் செய்ததாகச் சந்தேகப்பட்ட 2,000-க்கும் மேற்பட்ட பிரஷ்களைப் பறிமுதல் செய்தது பலருக்கு நினைவிருக்கும், பெயிண்ட் பிரஷ் விவகாரம் என்று அப்போது பேசிக்கொண்டோம். பெயிண்ட் பிரஷ்ஷில் பன்றி முடி ஏன் என்றால், நுனி பிளந்திருப்பதால் பெயிண்டை நன்றாகப் பிடிக்கும். சவரத்தில் நுரையைப் பிடிப்பதும் அதே குணம்தான்.

என் கடையில் எல்லா இனத்தவரும் வருகிறார்கள். அதனால் கடை உபயோகத்துக்குச் செயற்கை முடி பிரஷ் மட்டும்தான், அதுவும் ஒவ்வொருவருக்கும் பிறகு கழுவிச் சுத்தம் செய்து வைப்பது. பேட்ஜர் கூடச் சிலருக்கு ஒத்துவராது, அதை அவரவர் தீர்மானிப்பார்கள், நான் சொல்வதற்கில்லை. ஆனால் என்ன முடி என்று உண்மையைச் சொன்னால்தானே தீர்மானிக்க முடியும்? ஐயா தன் மகள் காசில் ஏமாந்தது ஒரு பக்கம். அவர் நல்ல மனதோடு ஒரு பெட்டியைச் சிநேகிதர் கையில் கொடுத்து, அவர் அதை முகத்தில் வைத்து, பிறகு ஒரு நாள் யாராவது அது என்ன என்று சொல்லியிருந்தால், அந்த நட்புக்கு என்ன பதில் சொல்வது? இதை நினைக்கும்போது எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது.

போலி பேட்ஜர் புதிதும் இல்லை. முதல் உலகப் போர் சமயத்தில் பேட்ஜர் முடி கிடைப்பது கஷ்டமானபோது குதிரை முடியைச் சாயம் போட்டு பேட்ஜர் மாதிரி செய்து விற்றார்கள். அந்த முடியைச் சரியாகக் கிருமி நீக்காமல் விட்டதால் ஆந்த்ராக்ஸ் என்ற கொடிய நோய் பரவியது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் சிப்பாய்களும் சாதாரண மக்களுமாக 200-க்கும் மேற்பட்டவர்களுக்குச் சவர பிரஷ் வழியாக அந்த நோய் வந்ததாகப் பதிவாகியிருக்கிறது. 1920-ல் பிரிட்டன் ஜப்பானிலிருந்து சவர பிரஷ் இறக்குமதி செய்வதையே தடை செய்தது. இன்று முடியைச் சூட்டில் சுத்தம் செய்த பிறகுதான் கற்றை கட்டுகிறார்கள், புது பிரஷ் வாங்கிவிட்டு இதை நினைத்துப் பயப்பட வேண்டாம். ஆனால் பழைய தோட்ட பங்களா சாமான்களோடு யாராவது நூறு வருடத்துப் பிரஷ் ஒன்றைக் கொண்டுவந்து ‘ஆன்டிக்’ என்று கொடுத்தால், அதைக் கண்ணாடி அலமாரியில் வைத்துக்கொள்ளுங்கள். முகத்தில் வைக்காதீர்கள்.

கொட்டிய முடி என்ன சொல்கிறது

இப்போது டிஷ்யூவுக்கு வருகிறேன். புது பிரஷ்ஷில் முடி கொட்டுவது சகஜம், முதல் சில சவரங்களில் ஒன்றிரண்டு வரத்தான் செய்யும். எத்தனை கொட்டியது என்று எண்ணுவதோடு நிறுத்திவிடுகிறார்கள் பலர், ஆனால் எப்படிக் கொட்டியது என்பதுதான் முக்கியம். கொட்டிய முடியை அடிக்கோல் பக்கத்தில் வையுங்கள். வெளியே தெரியும் உயரத்தைவிட நீளமாக இருந்தால் அது பசைக்குள் இருந்த அடிப்பாகத்தோடு முழுசாக வந்த முடி. அடியில் பசை ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பசையே இல்லாமல் சுத்தமாக இருந்தால், கட்டும்போது பசை எட்டாமல் நடுவில் சும்மா செருகி நின்ற முடி, அது போவதே நல்லது. பசைத்துணுக்கோடு கொத்தாக வந்தால் கற்றை உள்ளே உடைகிறது, திருப்பி அனுப்ப வேண்டிய பிரஷ். உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் நடுவில் ஒடிந்த முடி, அதற்குக் காரணம் பெரும்பாலும் கொதிநீரும் அழுத்தித் தேய்ப்பதும்.

ஐயா கொண்டுவந்ததில் பெரும்பகுதி முழு நீள முடி, அடி சுத்தம். குட்டையாக ஒடிந்தவையும் சில இருந்தன. விசாரித்தேன். பிரஷ் குத்துகிறதே, இளகட்டும் என்று ஃபிளாஸ்க்கில் இருந்த சுடுதண்ணீரை அப்படியே கப்பில் ஊற்றி அதில் நிற்க வைத்திருக்கிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், பலரும் செய்கிறார்கள். கொதிநீர் முடியையும் கெடுக்கும், உள்ளே இருக்கும் எபாக்சி பசையையும் தளர்த்தும். கை பொறுக்கிற வெதுவெதுப்பு போதும், 40 டிகிரி பக்கம்.

ஆக என் கணிப்பு இதுதான்: கட்டு உறுதியாக இருக்கிறது, பசை பிடித்திருக்கிறது, முடி பன்றி முடி, தரம் பரவாயில்லை, இன்னும் பழகவில்லை. பேட்ஜர் என்று எண்ணிப் பார்த்தால் மட்டமான பிரஷ். பன்றி முடி என்று எண்ணிப் பார்த்தால் நடுத்தரத்துக்கு மேல். இத்தாலியின் ஒமேகா கம்பெனி 1931-லிருந்தும் போர்ச்சுகலின் செமோக் 1935-லிருந்தும் பன்றி முடி பிரஷ்களைப் பன்றி முடி என்றே சொல்லி விற்கிறார்கள், ஐரோப்பாவில் எத்தனையோ சலூன்கள் அதில்தான் ஓடுகின்றன. வெட்கப்பட வேண்டிய பொருளே இல்லை, மூடி மறைத்து விற்க என்ன அவசியம் என்று தெரியவில்லை.

ஐயாவிடம் இரண்டு வழியும் சொன்னேன். பணத்தைத் திரும்பக் கேட்கலாம், அல்லது வைத்துப் பழக்கலாம். “எனக்கு பன்றி முடின்னா ஒண்ணும் இல்லப்பா, சவரம் சரியா வந்தா போதும்” என்றார். மகளைப் பணத்தைக் கேட்கச் சொல்வதாகவும், பிரஷ்ஷை நான் பழக்கிக் கொடுத்தால் வைத்துக்கொள்வதாகவும் சொன்னார். சிநேகிதருக்குச் செயற்கை முடி பிரஷ் ஒன்று என் சப்ளையரிடமே சொல்லி வரவழைத்தோம்.

பழக்கியது

முதல் வேலை கழுவுவது. பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு, வெதுவெதுப்பான தண்ணீர், உள்ளங்கையில் வைத்து மெதுவாக நுரைத்துக் கழுவினேன், சாயம் இறங்குவது நிற்கும் வரை. மீதி இருந்த எண்ணெய்ப்பசையும் தூசியும் இதில் போய்விடும். பிறகு அகலப் பல் சீப்பால் அடியிலிருந்து மேல்நோக்கி வாரினேன், ஒட்டாமல் நின்ற முடிகள் அப்போதே கையோடு வந்துவிட்டன, சவரத்தின் நடுவில் முகத்தில் ஒட்டுவதைவிட இது மேல். நாற்றத்துக்கு வினிகர், போராக்ஸ் என்று என்னென்னவோ சொல்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கெட்டியான சவர சோப்பு நுரையைக் கற்றை முழுக்க ஏற்றி, சில மணி நேரம் அப்படியே விட்டு அலசினால் வாசனை ஒவ்வொரு முறையும் குறையும். இரவு முழுக்க விடலாம் என்று எழுதுகிறவர்கள் குளிர்நாட்டுக்காரர்கள். நம் ஊர் ஈரத்தில் பகலிலேயே செய்து பகலிலேயே காயவைத்துவிடுவது நல்லது.

பழக்குவது என்றால் உண்மையில் என்ன நடக்கிறது? முடி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. வெளியே செதில் செதிலாக ஒரு மெல்லிய உறை, உள்ளே நீளவாக்கில் ஓடும் நார்கள். தண்ணீர் உள்ளே போகும்போது முடி உப்புகிறது, காயும்போது சுருங்குகிறது, கூடவே உரசலும் சேர்கிறது. நுனியில் உறை விட்டுப்போன இடத்தில் உள்நார்கள் ஒன்றிலிருந்து ஒன்று பிரிய ஆரம்பிக்கின்றன. ஒரு மழுங்கல் நுனி இருந்த இடத்தில் இரண்டு மூன்று மெல்லிய நுனிகள் வருகின்றன. குத்துவது நின்று மெதுமெதுப்பு வருவது இதனால்தான். நனைவதும் காய்வதும் சேர்ந்தால்தான் பிளவு வரும், ஆகவே நாள் முழுக்க ஊறப்போட்டால் சீக்கிரம் பழகும் என்பது தவறு. முழுசாகக் காயவிடாமல் மறுபடி நனைத்துக்கொண்டே இருந்தாலும் பயன் இல்லை.

கடை திறந்ததும் பிரஷ்ஷின் முடி மட்டும் மூழ்கும்படி கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிடம் நிற்க வைப்பேன், கைப்பிடியின் விளிம்பு வரை தண்ணீர் ஏற விடமாட்டேன். பிறகு எடுத்து உதறி, சோப்பில் சுற்றி, கிண்ணத்தில் நுரை கட்டுவேன். ஆரம்பத்தில் நுரை கட்டவே மாட்டேன் என்றது. நல்ல நுரை எழும், அரை நிமிடத்தில் காணாமல் போய்விடும். பன்றி முடி பிரஷ் புதிதில் நுரையை விழுங்கும் என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்ததுதான், காய்ந்த முடி நுரையில் இருக்கும் தண்ணீரைத் தானே இழுத்துக்கொள்கிறது. இதற்கு மருந்து இரண்டே: ஊறவைக்கும் நேரத்தைக் குறைக்காதீர்கள், வழக்கத்தைவிடக் கூடுதலாக சோப்பு ஏற்றுங்கள். நம்மில் பலர் இந்தக் கட்டத்தில்தான் பிரஷ் சரியில்லை என்று தூக்கிப்போடுகிறோம்.

நுரை கட்டியதும் உள்ளங்கையில் வைத்து வட்டமாகவும் பெயிண்ட் அடிப்பது போல இப்படியும் அப்படியும் ஓட்டுவேன். அழுத்திக் குத்தக்கூடாது. கற்றையின் நடுவை முகத்திலோ கையிலோ வைத்து அழுத்தித் திருகுகிறவர்களின் பிரஷ்ஷைப் பார்த்திருக்கிறேன், சில மாதத்தில் நடுமுடி ஒடிந்து குழி விழுந்துவிடும், சுற்றிலும் முடி, நடுவில் பள்ளம். முடி விரிந்து மடங்குகிற அளவுக்கு மேல் அழுத்தம் தேவையே இல்லை.

காயவைப்பதுதான் நம் நாட்டில் பெரிய பாடு. காற்றில் ஈரப்பதம் 80 விழுக்காடு பக்கம் நிற்கிற ஊரில், ஜன்னல் இல்லாத குளியலறையில் பிரஷ்ஷை வைத்தால் அடுத்த நாள் காலையில் அடிமுடி ஈரமாகவே இருக்கும். தலைகீழாகத் தொங்கவிட வேண்டுமா நிமிர்த்தி வைக்கலாமா என்று பெரிய வாக்குவாதமே நடக்கிறது. என் அனுபவத்தில் எப்படி வைத்தாலும் சரி, முதலில் நன்றாக அலசி, பலமாக உதறி, காய்ந்த துண்டில் முடியை முன்னும் பின்னுமாக ஓட்டி, காற்று படும் இடத்தில் வைத்தால் காய்ந்துவிடும். உதறாமல் தொங்கவிட்டால் தண்ணீர் தானாக இறங்கிவிடாது, முடிகளுக்கு நடுவில் பிடித்துக்கொண்டு நிற்கும். கடையில் மின்விசிறிக்குக் கீழே வைத்தேன். வெயிலில் வைக்கவில்லை, நேர் வெயில் முடியை உடையச் செய்யும். பிரயாணத்துக்கு வரும் பிளாஸ்டிக் குழாய்க்குள் ஈரத்தோடு போட்டு மூடுவதைப் போலக் கெடுதல் வேறில்லை. ஆண்டுக் கடைசியில் மழை பிடிக்கிற மாதங்களில் இரண்டு பிரஷ் வைத்துக்கொண்டு ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாற்றிப் பயன்படுத்துவது நல்லது.

இப்படிச் சில வாரம் போனது. நாற்றம் முதல் வாரத்திலேயே போய்விட்டது. முடி கொட்டுவது படிப்படியாகக் குறைந்து பிறகு நின்றது. நுரை நிற்க ஆரம்பித்தது அதற்கும் பிறகுதான். பூதக்கண்ணாடியில் மறுபடி பார்த்தபோது கற்றையின் மேல்பரப்பு முன்பு பார்த்ததற்கு அடையாளமே தெரியவில்லை. மழுங்கலாக நின்ற நுனிகளில் பெரும்பகுதி பிளந்து, உச்சி முழுக்கப் பஞ்சு படர்ந்த மாதிரி ஒரு மங்கல் தெரிந்தது. ஓரத்தில் சில தடித்த முடிகள் இன்னும் பிளக்காமல் நிற்கின்றன, அவையும் போகப் போகச் சரியாகும், கத்தரி வைக்கத் தேவையில்லை. சாயம் நன்றாக வெளிறி, கறுப்புப் பட்டை இப்போது பழுப்பாகத் தெரிகிறது. பெட்டியில் இருக்கும் படத்தையும் பிரஷ்ஷையும் பக்கத்தில் வைத்தால் ஒரே பொருள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஐயாவை வரச்சொல்லிக் கடையிலேயே நாற்காலியில் உட்காரவைத்து, அவர் பிரஷ், அவர் சோப்பு, அவர் கையாலேயே நுரை போடச் சொன்னேன். இடது கன்னத்தில் இரண்டு சுற்று போட்டுவிட்டு நிறுத்தி, பிரஷ்ஷைத் திருப்பிப் பார்த்தார். “மொதல்ல இருந்ததே இதானா?” என்றார். தாடை எலும்புக்குக் கீழே முடி படுத்து வளர்கிற இடத்தில் இந்த மாதிரி விறைப்பான பிரஷ்தான் முடியை நிமிர்த்திக் கொடுக்கும், பேட்ஜர் அங்கே வழுக்கிக்கொண்டு போய்விடும். இது என் சொந்த அபிப்பிராயம், பேட்ஜர் பிரியர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் அன்று அவர் தாடைக்குக் கீழே கத்தி ஒரே ஓட்டத்தில் போனதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

வீட்டுக்கு எடுத்துப்போகும்போது சொன்னது கொஞ்சம்தான்: சவரத்துக்கு முன் ஊறவைப்பதை விடாதீர்கள், ஃபிளாஸ்க் தண்ணீர் வேண்டாம், குளியலறையில் வைக்காமல் ஜன்னல் ஓரம் வையுங்கள், இனிமேல் திடீரென்று கொத்தாக முடி வந்தால் டிஷ்யூவில் மடித்துக் கொண்டுவாருங்கள்.

பண விஷயம் இன்னும் முடியவில்லை. விற்றவர் மகளுக்கு அனுப்பிய பதிலில், சாயம் இறங்குவது இயல்பு என்றும் திறந்த பொருளைத் திரும்ப எடுப்பதில்லை என்றும் எழுதியிருக்கிறார். என்ன முடி என்று கேட்ட கேள்விக்குப் பதிலே இல்லை, விளம்பரத்தில் இன்றும் ‘அசல் பேட்ஜர்’ என்றுதான் இருக்கிறது. துணியில் இறங்கிய சாயத்தின் படம், பேட்ஜர் முடிக்கு வராத அந்த நுனிப் பிளவின் படம், பெட்டியின் படம், ரசீது எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருக்கிறோம். மகள் அடுத்த வாரம் உள்நாட்டு வாணிப அமைச்சில் புகார் கொடுக்கிறார். ஐயா புகார் கடிதத்தை மலாயில் தானே எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டார்.